சட்டம் கேட்காத கையெழுத்து: வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்கள்

2022ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் தேதி கருக்கலைப்பு உரிமை குறித்து உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் நினைவாக, இந்த இதழில் என் பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கித் தரும்படி ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டேன். அறிவிப்பு வெளியானதும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடனேயே முடிந்திருந்தன. ஆகவே எந்தக் கடிதத்திலும் பெயர் அச்சிடப்படவில்லை. சில கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்; கேட்டவர்களின் கேள்வியை மாற்றவில்லை.

கேள்வி: எங்கள் கல்லூரியில் அந்தத் தீர்ப்பு நாளன்று பேச என்னை அழைத்திருக்கிறார்கள். தேடிப் பார்த்தால், ‘திருமணமாகாத பெண்களுக்கும் கருக்கலைப்பு உரிமை’ என்ற ஒற்றை வரிதான் எங்கும் கிடைக்கிறது. அந்த வழக்கு எப்படி வந்தது, நீதிமன்றம் என்ன சொன்னது என்று விளக்க முடியுமா?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: வழக்குத் தொடுத்தவர் டெல்லியில் வசித்த, ஏறத்தாழ 25 வயதுப் பெண், பட்டதாரி, விவசாயக் குடும்பத்தில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். தான் விரும்பிப் பழகியவர் கடைசி நேரத்தில் திருமணத்துக்கு மறுத்துவிட்ட நிலையில், தனியாக ஒரு குழந்தையை வளர்க்கும் வசதியோ மனநிலையோ தனக்கு இல்லை என்று அவர் நீதிமன்றத்தை அணுகினார். 2022 ஜூலை 5ஆம் தேதி எடுத்த ஸ்கேனில் கரு 22 வாரம் என்று தெரிந்திருந்தது. ஜூலை 15ஆம் தேதி டெல்லி உயர் நீதிமன்றம் அவருக்கு இடைக்கால அனுமதி தர மறுத்தபோது, 24 வாரம் நிறைவடைய மூன்றே நாட்கள் மீதமிருந்தன.

இந்த வாரக் கணக்கு ஏன் முக்கியம் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தில் 2021இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும் என்பதோடு, அந்தப் பெண் விதிகளில் குறிப்பிடப்பட்ட சில பிரிவுகளுள் ஒன்றில் வரவும் வேண்டும். பாலியல் வன்முறைக்கு உள்ளானவர், 18 வயது நிரம்பாதவர், உடல் ஊனமுற்றவர், மனநலம் பாதிக்கப்பட்டவர், கருவில் குறைபாடு கண்டறியப்பட்டவர், பேரிடர்ச் சூழலில் சிக்கியவர் ஆகியோருடன், ‘கர்ப்ப காலத்தில் திருமண நிலை மாறியவர்’ என்றும் ஒரு பிரிவு இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ‘கைம்மை, மணமுறிவு’ என்று எழுதியிருக்கிறது. கணவர் இறந்துவிட்டாலோ விவாகரத்து ஆகிவிட்டாலோ அனுமதி உண்டு. தாலி கட்டாமலே ஒருவர் கைவிட்டுப் போய்விட்டால் அனுமதி இல்லை என்பதுதான் உயர் நீதிமன்றம் அந்த வரியை வாசித்த விதம்.

உச்ச நீதிமன்றம் 2022 ஜூலை 21ஆம் தேதி அவருக்கு இடைக்கால நிவாரணம் அளித்து, டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் மருத்துவக் குழு அமைக்க உத்தரவிட்டது. வழக்கு அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் விதியின் பொருளைத் தீர்த்துவைக்காமல் விட்டால் அடுத்த பெண் மறுபடியும் இதே வாசலில் வந்து நிற்க வேண்டியிருக்கும் என்பதால், நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், ஏ.எஸ். போபண்ணா, ஜே.பி. பர்திவாலா ஆகியோர் கொண்ட அமர்வு முழுமையாக விசாரித்து, செப்டம்பர் 29ஆம் தேதி தீர்ப்பு வழங்கியது. அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டு சொற்களும் எடுத்துக்காட்டுகள் மட்டுமே. அந்தப் பிரிவின் நோக்கம், கர்ப்பம் தரித்த பின் ஒரு பெண்ணின் வாழ்க்கைச் சூழல் பெரிதாக மாறிப்போனால் அவளுக்கு வழி விடுவதுதான். துணைவர் கைவிடுவதும் அத்தகைய மாற்றமே என்று அமர்வு கூறியது. மணமான பெண்ணுக்கு ஒரு சட்டம், மணமாகாத பெண்ணுக்கு ஒரு சட்டம் என்று பிரிப்பது, அரசமைப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு தரும் சமத்துவத்துக்கு எதிரானது என்றும் தெளிவுபடுத்தியது.

கல்லூரியில் பேசும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘பெண்’ என்ற சொல், கருத்தரிக்கக்கூடிய, பெண்ணாகத் தம்மை அடையாளப்படுத்திக்கொள்ளாத பாலினச் சிறுபான்மையினரையும் உள்ளடக்கும் என்று அந்தத் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. ஒற்றை வரிச் செய்திகளில் இது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

கேள்வி: 1971லேயே நாடாளுமன்றம் சட்டம் இயற்றிவிட்டது. அது மக்கள்தொகையைக் கட்டுப்படுத்த வந்த சட்டம் என்பது என் தலைமுறைக்குத் தெரியும். ‘உரிமை’ என்ற பேச்சு பின்னால் ஒட்டவைத்தது என்று நினைக்கிறேன். தவறா?
– ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, நீங்கள் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியை மறைத்துவிட்டு இந்தத் தீர்ப்பைக் கொண்டாடினால் அதன் பெருமை நமக்கே விளங்காது.

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 312ஆவது பிரிவில், கருக்கலைப்பைக் குற்றமாக்கியது. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் அந்தக் குற்றத்துக்கு உள்ளாவாள் என்று விளக்கமும் எழுதிவைத்தது. அந்தப் பிரிவு இன்றும், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆவது பிரிவாக, உயிரோடு இருக்கிறது. குச்சி செருகியும் நாட்டு மருந்து குடித்தும் பெண்கள் சாவதைப் பார்த்த மத்திய அரசு, 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1966 இறுதியில் வந்த அதன் அறிக்கையை அடியொற்றி, 1971இல் சட்டம் இயற்றப்பட்டு, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் நோக்க உரையில் உடல்நலம், மனிதாபிமானம், பிறக்கும் குழந்தையின் குறைபாடு ஆகியவை பேசப்பட்டன. பெண்ணின் உரிமை என்ற சொல் இல்லை. கருத்தடைச் சாதனம் பலனளிக்காமல் போனால் கருக்கலைக்கலாம் என்ற விளக்கத்தில்கூட, ‘மணமான பெண்ணோ அவள் கணவரோ, குழந்தைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் நோக்கத்துக்காக’ப் பயன்படுத்திய சாதனம் என்றே எழுதப்பட்டிருந்தது. உங்கள் தலைமுறை சுவர்களில் பார்த்த, குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணத்தின் நிழல் அந்த வரியில் விழுந்திருப்பது உண்மைதான்.

2021இன் திருத்தம் அந்த வரியை ‘எந்தப் பெண்ணோ அவள் துணைவரோ, எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தவோ கர்ப்பத்தைத் தவிர்க்கவோ’ என்று மாற்றியது. இரண்டு மூன்று சொற்களின் மாற்றம்தான். ஆனால் குழந்தையே வேண்டாம் என்று இப்போதைக்கு நினைக்கும் ஒரு பெண்ணுக்கு, 50 ஆண்டுகளுக்குப் பின் சட்டத்தில் இடம் கிடைத்தது அந்தச் சொற்களால்தான். 2022 தீர்ப்பு இந்தச் சொல் மாற்றத்தையே தன் வாதத்தின் முதுகெலும்பாகக் கொண்டது: நாடாளுமன்றம் ‘கணவர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘துணைவர்’ என்று எழுதிய பின், மணமாகாத பெண்ணை வெளியே நிறுத்த அதற்கு நோக்கம் இருந்திருக்க முடியாது.

உரிமை என்ற பேச்சு இங்கே வந்தது அதற்கும் முன்னால், 2009இல். சண்டிகரில் அரசுக் காப்பகத்தில் இருந்த, அறிவுத்திறன் குறைபாடுடைய ஒரு பெண் பாலியல் வன்முறையால் கருவுற்றார். அவர் குழந்தையைப் பெற்றுக்கொள்ள விரும்பினார். உயர் நீதிமன்றமோ கருவைக் கலைக்க உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தி, இனப்பெருக்கம் குறித்த முடிவு, அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் தனிமனிதச் சுதந்திரத்தின் ஒரு பகுதி என்று முதன்முதலில் தெளிவாகச் சொன்னது. அந்த அமர்வில் இருந்த மூவரில் ஒருவர் நம் ஈரோட்டுப் பகுதியிலிருந்து சென்ற நீதிபதி பி. சதாசிவம். ஒரு பெண் ‘பெற்றுக்கொள்கிறேன்’ என்று சொன்ன வழக்கில் பிறந்த உரிமை இது. 2022இல் ஒரு பெண் ‘பெற்றுக்கொள்ள இயலாது’ என்று வந்தபோதும் அதே உரிமைதான் கைகொடுத்தது. யார் முடிவெடுப்பது என்பதுதான் இரண்டு வழக்குகளிலும் கேள்வி. எனவே ஒட்டவைத்த பேச்சு என்று நீங்கள் எழுதியதை மட்டும் நான் ஏற்க இயலவில்லை.

கேள்வி: எனக்கு இரண்டு குழந்தைகள், சிறியவனுக்குப் பத்து மாதம். மறுபடியும் நாள் தள்ளிப்போய், ஒன்பதாவது வாரம் என்கிறார்கள். கணவர் வளைகுடாவில் வேலை செய்கிறார். மருத்துவமனையில், ‘கணவரையோ மாமியாரையோ கூட்டிவந்து கையெழுத்துப் போட்டால்தான் செய்வோம்’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சட்டம் அப்படித்தான் சொல்கிறதா அம்மா?
– இல்லத்தரசி, சிவகங்கை மாவட்டம்

பதில்: இல்லை அம்மா. 1972இலிருந்து ஒரு நாள்கூடச் சட்டம் அப்படிச் சொன்னதில்லை. 18 வயது நிரம்பிய, மனநலம் பாதிக்கப்படாத பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் ஒன்றே போதும். அவள் சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது என்பதையும் சட்டத்தின் 3ஆவது பிரிவே சொல்கிறது. சம்மதத்துக்கென்று விதிகளில் உள்ள ‘படிவம் சி’யை நீங்கள் பார்க்க வேண்டும். ‘இன்னாரின் மகள் அல்லது மனைவியாகிய நான்’ என்று தொடங்கும் சிறிய படிவம் அது. கையெழுத்துக்கான இடம் உங்களுக்கு. பாதுகாவலருக்கான பகுதி சிறுமியருக்கும் மனநலம் பாதிக்கப்பட்டோருக்கும் உரியது. கணவரின் கையெழுத்துக்கு அதில் கோடு கிடையாது.

சில ஆண்டுகளுக்கு முன் என் அலுவலகத்துக்கு வந்த ஒரு பெண், மஞ்சள் பையிலிருந்து மூன்று வெளிநோயாளர் சீட்டுகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். மூன்றும் வெவ்வேறு தேதிகள். முதல் சீட்டில் 11 வாரம், இரண்டாவதில் 13, மூன்றாவதில் 16 என்று எழுதியிருந்தது. மூன்றின் மூலையிலும் ஒரே வாசகம்: ‘கணவருடன் வரவும்’. கணவர் அவரை விட்டுப் போய் அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. வரச் சொன்னால் வருவதற்கு ஆள் இல்லை என்பதை அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறார், யாரும் எழுதிக்கொள்ளவில்லை. முதல் நாளே செய்திருந்தால் சில மணி நேரத்தில் வீடு திரும்பியிருக்கக்கூடியவர், தள்ளிப் போட்டதால் மருத்துவமனையில் தங்கி, கூடுதல் வலியும் கூடுதல் ஆபத்தும் பட்டார். அந்த மூன்று சீட்டுகளின் நகல் இன்னமும் என் கோப்பில் இருக்கிறது.

2022 தீர்ப்பை நான் நன்றியோடு நினைப்பதற்கு முதல் காரணம், இந்த மூலைக் குறிப்புகளைப் பற்றி அது நேராகப் பேசியதுதான். மருத்துவர்கள் குடும்பத்தாரின் சம்மதம், கூடுதல் ஆவணங்கள், நீதிமன்ற அனுமதி என்று சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை விதிப்பதைக் கைவிட வேண்டும். சட்டத்தின் நிபந்தனைகள் நிறைவேறுகின்றனவா என்று மட்டுமே பார்க்க வேண்டும் என்று நீதிபதிகள் எழுதியிருக்கிறார்கள். வழக்குக்குப் பயந்தே மருத்துவர்கள் இப்படிச் செய்கிறார்கள் என்பதையும் அவர்கள் உணர்ந்தே எழுதியிருக்கிறார்கள். மனைவி தன்னைக் கேட்காமல் கருக்கலைத்தார் என்று மனைவி மீதும் மருத்துவர்கள் மீதும் ஒரு கணவர் நஷ்ட ஈடு கேட்டுத் தொடுத்த வழக்கைப் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2011இல் நிராகரித்தது. 2017இல் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. உங்கள் மருத்துவர் தயங்கினால் இதைச் சொல்லலாம்.

ஒரு வழக்கறிஞராக நான் ஒளிக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. கணவருக்குத் தெரியாமல், மருத்துவக் காரணமும் இல்லாமல் கருக்கலைப்பது, விவாகரத்து வழக்கில் மனக் கொடுமை என்று வாதிடப்படலாம் என உச்ச நீதிமன்றத்தின் 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டிருக்கிறது. அது குடும்ப நீதிமன்றத்தில் எழக்கூடிய பேச்சு. மருத்துவமனையில் உங்கள் சம்மதத்தின் மதிப்பை அது குறைக்காது.

உங்களுக்கு ஒன்பது வாரம் என்பதால் ஒரு மருத்துவரின் கருத்தே போதும். கருத்தடை முறை பலனளிக்காமல் போயிருந்தால், அதனால் வந்த மனவேதனையையே மனநலத்துக்கான கடும் பாதிப்பாகக் கருதலாம் என்று சட்டம் சொல்கிறது. அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். கைக்குழந்தை, தனியாக நடத்தும் குடும்பம் என்ற உங்கள் சூழலையும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். மறுபடியும் மறுத்தால், மறுப்பதற்கான காரணத்தை எழுதிக் கொடுக்கும்படி கேளுங்கள். இந்த ஒரு கோரிக்கைக்கே பல இடங்களில் வழி பிறந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் அசையவில்லை என்றால், நாள் கடத்தாமல் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லுங்கள்; மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு.

கேள்வி: இவ்வளவு அலைச்சலுக்கு, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது மேல் என்று எங்கள் தெருவில் பெண்கள் சொல்கிறார்கள். சரியா?
– தையல் தொழிலாளி, திருப்பூர்

பதில்: மாத்திரை முறை கெட்டதன்று. மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்ற இரண்டு மருந்துகளைச் சேர்த்துத் தரும் இந்த முறைக்கு, ஒன்பது வாரம் வரை நம் விதிகளே இடம் தருகின்றன. மருத்துவரின் சீட்டு இல்லாமல் அதை விற்பதுதான் சட்டத்துக்கு மாறானது. எத்தனை வாரம் என்று பார்க்காமலும், கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா என்று உறுதி செய்யாமலும் போடுவதில்தான் ஆபத்து. கருக்குழாயில் தங்கிய கருவை இந்த மாத்திரை கலைக்காது. குழாய் வெடித்தால் உயிருக்கே முடிந்துவிடும். 2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் நடந்த கருக்கலைப்புகளில் 27 சதவீதம், பெண்கள் வீட்டில் தாங்களே செய்துகொண்டவை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முந்தைய கடிதத்தைப் படித்தவர்களுக்குக் காரணம் புரியும்.

ஏற்கெனவே போட்டுக்கொண்டவருக்கு, ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நாப்கின் என்ற அளவில் இரண்டு மணி நேரம் தொடர்ந்து உதிரம் போனாலோ, காய்ச்சலோ கடுமையான வயிற்று வலியோ கண்டாலோ, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். போலீஸுக்குப் பயந்து வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். என்ன மாத்திரை என்று மருத்துவரிடம் மறைக்கவும் வேண்டாம்.

கேள்வி: நான் கிராம சுகாதார செவிலியர். 16, 17 வயதுப் பிள்ளைகள் கர்ப்பமாகி வரும்போது, மருத்துவமனைக்குப் போனால் போக்சோ வழக்கு ஆகிவிடும் என்று குடும்பமே மறைக்கிறது. தெரிந்தும் சொல்லாவிட்டால் எங்களுக்கு வழக்கு. அந்தத் தீர்ப்பில் இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?
– செவிலியர், தருமபுரி மாவட்டம்

பதில்: இருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவு, 18 வயதுக்குட்பட்டவர் சம்பந்தப்பட்ட பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்த எவரும் தகவல் தர வேண்டும் என்கிறது; தராவிட்டால் 21ஆவது பிரிவின் கீழ் ஆறு மாதம் வரை சிறை. அந்தப் பிள்ளை விருப்பப்பட்டுப் பழகியிருந்தாலும், வீட்டிலேயே கட்டிவைத்திருந்தாலும், வயது குறைவு என்பதால் சட்டத்தின் கண்ணில் அது குற்றமே. ஒருபுறம் இந்தக் கட்டாயம், மறுபுறம் கருக்கலைப்புச் சட்டம் தரும் ரகசியக் காப்பு; இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட பிள்ளைகள் போலி வைத்தியர்களிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

2022 தீர்ப்பு இரண்டு சட்டங்களையும் இணக்கமாக வாசித்தது. மருத்துவர் காவல்துறைக்குத் தகவல் தரத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் அவளுடைய பெயரையோ அடையாளத்தையோ தனிப்பட்ட விவரங்களையோ குறிப்பிடத் தேவையில்லை. தொடர்ந்து வரும் குற்ற வழக்கிலும் அடையாளத்தை வெளியிடும்படி மருத்துவரைக் கட்டாயப்படுத்த முடியாது. கேட்டுக்கொண்டால் என்ற சொல்லைக் கவனியுங்கள். கேட்கலாம் என்பதே அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. அதைச் சொல்லித் தர வேண்டிய இடத்தில் நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

சிறுமியர் விஷயத்தில் பாதுகாவலரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. ஆனால் பாதுகாவலர் என்றால் தகப்பனார்தான் என்று பொருளில்லை. அந்தப் பிள்ளையைத் தம் பராமரிப்பில் வைத்திருப்பவர் என்றே கருக்கலைப்புச் சட்டம் விளக்கம் தருகிறது. அம்மாவின் கையெழுத்துப் போதும். பாட்டியிடமோ அத்தையிடமோ வளரும் பிள்ளைக்கு அவர்களே போடலாம். வளர்ந்த பெண்களுக்கும் சொல்ல வேண்டியது: 2021இல் சேர்க்கப்பட்ட 5ஏ பிரிவின்படி, கருக்கலைப்புச் செய்துகொண்டவரின் பெயரையும் விவரத்தையும் வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

கேள்வி: கணவரின் வற்புறுத்தலால், என் விருப்பமில்லாமல் உண்டான கர்ப்பம் இது. 21 வாரம் ஆகிவிட்டது. இதை யாரிடம் சொல்வது?
– வாசகி, கோயம்புத்தூர் (ஊரை மட்டும் வெளியிடலாம் என்கிறார்)

பதில்: மருத்துவரிடம் சொல்லுங்கள், இன்றே சொல்லுங்கள். கணவரால் நேர்ந்த வன்புணர்ச்சியும், கருக்கலைப்புச் சட்டத்தைப் பொறுத்தவரை, வன்புணர்ச்சி என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று 2022 தீர்ப்பு தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே 24 வாரம் வரை, இரண்டு மருத்துவர்களின் கருத்தின் பேரில், உங்களுக்கு வழி உண்டு. காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்திருக்க வேண்டும் என்றோ, குற்றம் நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றோ எவரும் உங்களிடம் கேட்க முடியாது. நீங்கள் சொல்வதே போதும். கணவரைத் தண்டிக்கும் குற்றவியல் சட்டத்தில் திருமண உறவுக்கான விதிவிலக்கு இன்னும் நீக்கப்படவில்லை என்பது வேறு விஷயம். அது தீரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆசிரியர் வழியாக என் அலுவலகத் தொடர்பை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பக்கம் பெண் சிசுவுக்குக் கள்ளிப்பால் கொடுத்த காலத்தைப் பார்த்தவன் நான். இந்த உரிமை பெண் கருவை அழிக்கப் பயன்படாதா?
– விவசாயி, உசிலம்பட்டி

பதில்: உங்கள் கவலை நியாயமானது. அந்தத் துயரத்தால்தான் 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. கருவின் பாலினத்தைக் கண்டறிவதும் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பெண் என்பதற்காகக் கலைப்பதற்கு 1971 சட்டத்திலும் இடமில்லை. 2022 தீர்ப்பிலும் இடமில்லை. 1994 சட்டத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது: பாலினம் அறியச் சோதனைக்குச் சென்ற பெண்ணை, கணவரோ உறவினரோ கட்டாயப்படுத்தினார்கள் என்றே நீதிமன்றம் முதலில் கருத வேண்டும் என்கிறது. பெண் கருவை அழிக்கச் சொன்ன வீடுகளில் முடிவெடுத்தது அந்தப் பெண்ணாக இருந்ததில்லை என்பதைச் சட்டம் அறிந்திருக்கிறது. முடிவு அவள் கையில் இருந்திருந்தால் நீங்கள் பார்த்த குழந்தைகளில் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன்.

கேள்வி: அதே 2022இல்தான் அமெரிக்காவில் இந்த உரிமையைப் பறித்தார்கள். இங்கேயும் ஒரு நாள் பறிபோகுமா?
– வங்கி ஊழியர், சென்னை

பதில்: 1973 ஜனவரி 22ஆம் தேதி, ரோ எதிர் வேட் என்ற வழக்கில், ஏழு நீதிபதிகள் ஒரு பக்கமும் இருவர் மறுபக்கமுமாக நின்று வழங்கிய தீர்ப்பால், அமெரிக்கப் பெண்களுக்கு இந்த உரிமை நாடு முழுவதும் கிடைத்தது. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளை அங்கே நினைவுகூர்ந்தார்கள். 50ஆம் ஆண்டு நிறைவுக்கு ஏழு மாதம் இருக்கையில், 2022 ஜூன் 24ஆம் தேதி, அதே நீதிமன்றம் அதை ரத்து செய்து, அந்தந்த மாநிலமே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. நம் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு அதற்கு மூன்று மாதம் கழித்து வந்தது.

இரண்டு நாட்டு நிலைமையும் ஒன்றல்ல. அங்கே உரிமை தீர்ப்பின் மீது மட்டுமே நின்றது. அதைத் தாங்க நாடு தழுவிய சட்டம் இல்லை. இங்கே சட்டம் முதலில் வந்தது. தீர்ப்புகள் அதை அகலப்படுத்தின. எனவே ஒரே நாளில் எல்லாம் சரிந்துவிடும் என்ற அச்சம் வேண்டாம். ஆனால் நம் சட்டத்துக்குள்ளேயே இருக்கும் குறையைப் பார்க்காமல் இருக்க முடியாது. இங்கே பெண் கேட்கலாம். நிபந்தனை நிறைவேறியதா என்று மருத்துவர்தான் முடிவு செய்கிறார். முதல் வாரத்தில்கூட அப்படித்தான்.

2023 அக்டோபரில் இது வெளிப்பட்டது. இரண்டு குழந்தைகளுக்குத் தாயான 27 வயதுப் பெண், பிரசவத்துக்குப் பிந்தைய மன அழுத்தத்துக்குச் சிகிச்சையில் இருந்தவர். பாலூட்டும் காலத்தில் மாதவிலக்கு வராததால், கருவுற்றதையே தாமதமாகத்தான் அறிந்தார். ஏறத்தாழ 26 வாரம். அக்டோபர் 9ஆம் தேதி உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஹிமா கோலி, பி.வி. நாகரத்னா அமர்வு அனுமதி அளித்தது. கரு உயிரோடு பிறக்க வாய்ப்பிருப்பதாக எய்ம்ஸ் மருத்துவர் ஒருவர் எழுதிய பின், மத்திய அரசு அந்த உத்தரவைத் திரும்பப் பெறக் கோரியது. 11ஆம் தேதி இருவரும் வேறுபட்டார்கள்: நீதிபதி கோலி அனுமதி தர இயலாது என்றார், அந்தப் பெண்ணின் முடிவை மதிக்க வேண்டும் என்றார் நீதிபதி நாகரத்னா. 16ஆம் தேதி தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு, 24 வாரம் கடந்துவிட்டது, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை, கருவில் குறைபாடும் இல்லை என்று கூறி மறுத்துவிட்டது. 2022 தீர்ப்பை எழுதியவரே தலைமை வகித்த அமர்வு அது. அன்று மாலை அந்த உத்தரவைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் ஆறவில்லை. சட்ட வரிக்குள் அது சரியான தீர்ப்பாக இருக்கலாம். அந்த வரியை மாற்றும் பொறுப்பு நாடாளுமன்றத்துடையது.

கேள்வி: எங்கள் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் செப்டம்பர் 29ஆம் தேதி அரை மணி நேரம் இதைப் பற்றிப் பேச நினைக்கிறோம். எங்களுக்கு நீதிமன்ற மொழி தெரியாது. என்ன செய்யலாம்?
– குழுச் செயலாளர், விருதுநகர் மாவட்டம்

பதில்: சுவரில் மாட்டியிருக்கும் நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து நடுவில் வையுங்கள். சட்டத்தின் வாரக் கணக்கு, உறவு கொண்ட நாளிலிருந்தும் அல்ல, நாள் தள்ளிப்போன தேதியிலிருந்தும் அல்ல. கடைசியாக மாதவிலக்கான முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. படித்த பெண்களே இதைத் தவறாக எண்ணி, ‘ஒரு மாதம்தானே ஆகிறது’ என்று இருந்துவிடுகிறார்கள்; மருத்துவரின் கணக்கில் அது எட்டு வாரமாக இருக்கும். கடைசி மாதவிலக்கின் முதல் நாளை ஒரு பொட்டு வைத்துக் குறித்து, அங்கிருந்து ஒவ்வொருவரையும் எண்ணச் சொல்லுங்கள். 63ஆவது நாள் வரை மாத்திரை முறை. 140ஆவது நாள் வரை ஒரு மருத்துவர். 168ஆவது நாள் வரை, விதிகள் குறிப்பிடும் பிரிவுகளில் வருவோருக்கு, இரண்டு மருத்துவர்கள். அதற்கு மேல், தாயின் உயிரைக் காப்பாற்ற உடனே தேவைப்பட்டாலோ, கருவில் பெருங்குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு கண்டறிந்தாலோ மட்டும்.

எண்ணி முடித்த பின், முடிந்தால் ‘படிவம் சி’யின் நகல் ஒன்றைக் கையில் கொடுத்து, சத்தமாக வாசிக்கத் தெரிந்த ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். கணவர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் அதில் எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். தேடிப் பார்க்க அவர்களுக்கு வேண்டிய நேரத்தைக் கொடுங்கள்.